பெரும்போருக்குப் படை திரட்டுவதில் முடிச்சு எங்கே விழுகிறது?

கேள்வி – வரலாற்று மாணவன்

அனைவருக்கும் வணக்கம். போர் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் முதல் குண்டு வெடித்த நாளிலிருந்துதான் வேகமெடுக்கின்றன. அதற்கு முந்தைய வாரங்களில் ஒரு நாடு தன் இருப்புப் படையினரை வீடுகளிலிருந்து அழைத்து, சீருடையும் ஆயுதமும் கொடுத்து, எல்லைவரை கொண்டுசேர்த்த கதையை ஓரிரு பத்திகளில் முடித்துவிட்டு நேராகப் போர்க்களத்துக்குப் போய்விடுகின்றன. என் ஐயமெல்லாம் அந்த ஓரிரு பத்திகளைப் பற்றியதுதான்.

காகிதத்தில் கணக்குப் போட்டால் வேலை எளிதாகத் தெரிகிறது. ஐந்து லட்சம் பேரை எல்லைக்கு அனுப்ப வேண்டும், ஒரு ரயிலில் ஆயிரம் பேர் ஏறுவார்கள் என்று வைத்துக்கொண்டால் 500 ரயில்கள் போதும். விடுமுறைக் காலங்களில் இதைவிடப் பெரிய கூட்டத்தைப் பல நாடுகளின் ரயில்வேக்கள் அலட்டிக்கொள்ளாமல் சுமக்கின்றன. அப்படியிருக்க, படை திரட்டல் என்றதும் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் பேசுகிறார்களே, தாமதம் உண்மையில் எந்த இடத்தில் ஏற்படுகிறது? கணினியும் கன்டெய்னரும் சரக்கு விமானமும் வந்த பிறகும் அது நீடிக்கிறதா? திரட்டிய படையைச் சண்டையில் இறக்காமல் நிறுத்தி வைப்பதும் கடினம் என்கிறார்களே, அது ஏன்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். வீரம், தலைமை, போர்த்தந்திரம் ஆகியவற்றை இங்கே தவிர்த்துவிடலாம் என்பது என் வேண்டுகோள்.


மறுமொழி – பழைய தண்டவாளம்

உங்கள் கணக்கில் மனிதர்கள் மட்டுமே இருக்கிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1914ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தரைப்படையின் ஒரே ஒரு கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு) இடம் பெயர 6010 ரயில் பெட்டிகள் தேவைப்பட்டன. அவற்றுள் காலாட்படைக்கு ஒதுக்கப்பட்டவை 965, அதிகாரிகளுக்கு 170. குதிரைப்படைக்கு மட்டும் 2960 பெட்டிகள். பீரங்கிகளுக்கும் வழங்கல் வண்டிகளுக்கும் 1915. மொத்தம் 140 ரயில்கள் ஆயின. பின்தொடர வேண்டிய உணவு, தீவனம், குண்டுகளுக்கு ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் மீண்டும் ரயில்கள். இப்படி 40 கோர்களை நகர்த்த வேண்டியிருந்தது. நீங்கள் கணக்கிட்ட மனிதக் கூட்டம் மொத்தச் சுமையில் ஆறில் ஒரு பங்குகூட வராது.

அடுத்தது, ஏற்றுவதைவிட இறக்குவது கடினம் என்பது. பயணி தானாக ஏறிக்கொள்கிறார், தானாக இறங்கி நடக்கிறார். பீரங்கி அப்படி இறங்காது. அதை இறக்கப் பெட்டியின் தளத்துக்கு இணையான உயரத்தில் நீண்ட நடைமேடையோ சாய்தளமோ வேண்டும். படைகள் புறப்படும் பெருநகரங்களில் இவை ஏராளமாக இருக்கும். போய்ச் சேரும் எல்லையோரச் சிற்றூர் நிலையத்திலோ ஒரு குட்டை நடைமேடையும் ஒரு பக்கத் தண்டவாளமும் இருந்தால் அதிகம். ஒரு ரயிலை இறக்கி முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும் இடத்தில், பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ரயில்களை அனுப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இறக்கப்படாத பெட்டிகள் வழியெங்கும் தேங்கி நிற்கும். காலிப் பெட்டிகள் திரும்பி வராததால் அடுத்த படைக்கு ஏற்றப் பெட்டி இருக்காது. ஜெர்மனி 1914க்கு முன்பே பெல்ஜிய எல்லையை ஒட்டிய சிற்றூர் நிலையங்களில், அங்கே நடக்கும் வணிகத்துக்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் நடைமேடைகளைக் கட்டி வைத்ததற்குக் காரணம் இதுதான். அந்த ஆகஸ்டில் 2ஆம் தேதி முதல் 18ஆம் தேதி வரை கொலோன் நகரின் ஹோஹென்சோலர்ன் பாலத்தின் மீது, ஒவ்வொன்றும் 54 பெட்டிகள் கொண்ட 2150 ரயில்கள், ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம், ரைன் நதியைக் கடந்து சென்றன. மறுமுனையில் இறக்குவதற்கு இடம் இருந்ததால்தான் அது நடந்தது.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு 1870இல் பிரஷ்யா தலைமையிலான ஜெர்மானியர்களோடு போரிட்ட பிரான்ஸ். ரிசர்வ் (இருப்புப் படை) வீரர் முதலில் தன் ரெஜிமென்டின் டிப்போவுக்குப் போய் உடையும் துப்பாக்கியும் பெற்றுக்கொண்டு, பிறகு எல்லையில் இருக்கும் ரெஜிமென்டைத் தேடிப் போக வேண்டும் என்பது அவர்களது ஏற்பாடு. ரெஜிமென்ட் ஓரிடம், டிப்போ வேறிடம், வீரனின் வீடு மூன்றாம் இடம். சுவாவ் எனப்பட்ட பிரெஞ்சுக் காலாட்படை ரெஜிமென்டுகளின் டிப்போக்கள் அல்ஜீரியாவில் இருந்ததால், ஜெர்மானிய எல்லைக்கு அருகிலேயே குடியிருந்த ரிசர்வ் வீரர்கூடக் கடல் கடந்து ஆப்பிரிக்கா போய்ச் சீருடை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. பெல்ஃபோருக்கு வந்து சேர்ந்த ஒரு ஜெனரல், தன் பிரிகேடையும் காணவில்லை, டிவிஷன் தலைவரையும் காணவில்லை, தன் ரெஜிமென்டுகள் எங்கே என்றும் தெரியவில்லை, என்ன செய்யட்டும் என்று பாரிசுக்குத் தந்தி அடித்தார். பிரஷ்யர்கள் ஒவ்வொரு கோரையும் ஒரு வட்டாரத்தோடு பிணைத்து, வீரன் தன் வட்டாரத்திலேயே உடையும் ஆயுதமும் பெறும்படி வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் எல்லையோர நிலையங்களில் பெட்டிகள் தேங்கத்தான் செய்தன. ஆனால் அது படை எல்லைக்கு வந்து சேர்ந்த பிறகு வந்த தொல்லை.

ரயில்பாதையின் அகலமும் ஒரு முட்டுக்கட்டை. 1941இல் சோவியத் யூனியனுக்குள் நுழைந்த ஜெர்மானியர்கள் 1524 மில்லிமீட்டர் அகலப் பாதையை 1435 மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொண்டே முன்னேற வேண்டியிருந்தது. தண்டவாளத்தை நகர்த்தி ஆணி அடிப்பது அவ்வளவு பெரிய வேலையல்ல. சோவியத் எஞ்சின்கள் பெரியவை; ஆகவே தண்ணீர்த் தொட்டிகளும் நிலக்கரி நிரப்பும் இடங்களும் நீண்ட இடைவெளிகளில் அமைக்கப்பட்டிருந்தன. சிறிய ஜெர்மானிய எஞ்சின்களால் அந்தத் தொலைவைத் தாண்ட முடியவில்லை. இடையிடையே புதிய தொட்டிகள் கட்டிய பிறகே அவை ஓடின. குளிர்காலத்தில் எஞ்சினுக்கு வெளியே பொருத்தப்பட்டிருந்த குழாய்கள் உறைந்து வெடித்தன.


மறுமொழி – கிடங்குக் கணக்கர்

மேலே எழுதியவர் தண்டவாளத்தை விரிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஆள் கணக்கு. திரட்டப்படும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேலையிலிருந்து எடுக்கப்படுகிறார். அந்த வேலை, பெரும்பாலான சமயங்களில், அவருக்கே குண்டும் கஞ்சியும் அனுப்ப வேண்டிய வேலையாக இருக்கிறது. ரயில் ஓட்டுநர், கடைசல் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, லாரி மெக்கானிக், மருத்துவர் ஆகிய எல்லோரும் உடல் வலுவும் வயதும் உள்ளவர்கள். ஆள்சேர்ப்பு அதிகாரியின் பட்டியலில் முதலில் வரும் பெயர்கள் அவர்களுடையவை.

1914இல் பிரான்ஸ் ஏறத்தாழ எல்லாரையும் எடுத்துக்கொண்டது. போர் சில வாரங்களில் முடிந்துவிடும், கையிருப்புக் குண்டுகளே போதும் என்பது கணிப்பு. செப்டம்பர் முடிவதற்குள் 75 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்குக் குண்டுத் தட்டுப்பாடு வந்தது. ஆலைகளில் இயந்திரம் இருந்தது, இயக்க ஆள் இல்லை. கடைசியில் பதுங்குகுழிகளில் நின்றிருந்த உலோகத் தொழிலாளர்களைத் தேடிப்பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். யாரை அனுப்புவது என்பதில் ஏகப்பட்ட சச்சரவு. தொழில் தெரியாதவர்கள் சிலரும் தொழிலாளி என்று சொல்லிக்கொண்டு ஆலைக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 1915 ஆகஸ்டில் டால்பியே சட்டம் என்ற தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. பிரிட்டனில் அதே ஆண்டு மே மாதம் குண்டுத் தட்டுப்பாடு அரசையே ஆட்டிவைத்து, லாயிட் ஜார்ஜின் பொறுப்பில் வெடிபொருள் அமைச்சகம் உருவானது.

அந்த அனுபவத்தால் பிரிட்டன் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே, எந்தெந்தத் தொழிலில் இருப்பவர்களைப் படைக்கு எடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் தயாரித்து வைத்தது. அப்படியிருந்தும் போரின் முதல் ஆண்டுகளில் ஏறத்தாழ 36,000 சுரங்கத் தொழிலாளர்கள் படையிலும் வேறு ஆலைகளிலும் சேர்ந்துவிட்டார்கள். 1943 முடிவில் நிலக்கரி போதவில்லை. அதன்பின் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் செய்த ஏற்பாடு விசித்திரமானது: குலுக்கல் முறையில் ஓர் எண்ணை எடுப்பார்கள், படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் எவருடைய பதிவெண் அந்த எண்ணில் முடிகிறதோ அவர் படைக்குப் போகாமல் சுரங்கத்துக்குப் போக வேண்டும். பத்தில் ஒருவர் இப்படிப் போனார். சீருடை இல்லாமல் தெருவில் நடந்த அந்த இளைஞர்களைப் போருக்குப் பயந்து ஒளிந்தவர்கள் என்று நினைத்துப் பலர் அவமதித்தார்கள். ஆனால் அந்தக் கரி இல்லாமல் ஆலைகளும் ஓடியிருக்காது, ரயில்களும் ஓடியிருக்காது.

அண்மைக் காலத்துக்கு வந்தால், ரஷ்யா 2022 செப்டம்பர் 21 அன்று 3 லட்சம் பேரைத் திரட்டப் போவதாக அறிவித்து, அக்டோபர் 28 அன்று வேலை முடிந்ததாகச் சொன்னது. எண்ணிக்கை அளவில் விரைவுதான். ஆனால் வயது கடந்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அழைப்பாணை போனது. தவறுகளைத் திருத்த வேண்டும் என்று புதினே வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது. குளிர்கால உடை, படுக்கைப் பை, முதலுதவிப் பொருள்கள் ஆகியவற்றைக் குடும்பங்கள் கடையில் வாங்கிக் கொடுத்தன. பயிற்சி அளிக்க வேண்டிய அதிகாரிகளில் பலர் ஏற்கெனவே களத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டிருந்தார்கள். பெயர்ப் பட்டியல் பழையதாக இருந்தால், கிடங்குப் பேரேட்டில் இருப்பதாக எழுதப்பட்ட பொருள் கிடங்கில் இல்லாவிட்டால், ஆளை மட்டும் கொண்டுவந்து நிறுத்துவதில் என்ன பயன்? அமைதிக் காலத்தில் எவரும் திறந்து பார்க்காத அறைகளில்தான் இந்தப் பொருள்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை வருடா வருடம் "சரிபார்க்கப்பட்டது" என்ற கையெழுத்தோடு கடந்துபோகும் விதம், எந்த அரசு அலுவலகத்திலாவது வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததே.


மறுமொழி – தீவனம்

இருவரும் தொடாத ஒன்றைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். சுமப்பதே தின்கிறது. முதல் உலகப்போர் முழுவதிலும் பிரிட்டன் பிரான்சுக்குக் கப்பலில் அனுப்பிய வைக்கோலும் ஓட்ஸும் 54 லட்சம் டன். வெடிபொருள்கள் 52 லட்சம் டன். குண்டுகளைவிடக் குதிரைத் தீவனத்தின் எடை அதிகம். குதிரை போய் லாரி வந்ததும் இது மாறவில்லை. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் அமெரிக்கர்கள் நடத்திய 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரி வரிசையில் உச்சகட்டமாக ஏறத்தாழ ஆறாயிரம் வாகனங்கள் ஓடின. களத்துக்குப் பெட்ரோல் கொண்டுபோன அந்த லாரிகள் தாமே நாளொன்றுக்கு 3 லட்சம் கேலன் பெட்ரோலைக் குடித்தன. டயர்கள் தேய்ந்தன, அச்சுகள் முறிந்தன, ஓட்டுநர்கள் உறக்கத்தில் சாய்ந்தார்கள். ஆன்ட்வெர்ப் துறைமுகம் செப்டம்பர் தொடக்கத்திலேயே கிட்டத்தட்டச் சேதமின்றிக் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கடலிலிருந்து அதற்கு வரும் ஷெல்ட் நதிமுகம் எதிரியிடம் இருந்ததால் முதல் சரக்குக் கப்பல்கள் வந்து சேர நவம்பர் முடிவாகிவிட்டது. அந்த இடைவெளியில் லாரிகளை வைத்து இழுத்த இழுப்புதான் மேலே சொன்னது.


வரலாற்று மாணவன்

மூவருக்கும் மிக்க நன்றி. ரயிலும் குதிரையும் உள்ள காலம் ஓரளவு புரிகிறது. ஆனால் கன்டெய்னர் வந்த பிறகு ஏற்றி இறக்கும் வேலை பல மடங்கு எளிதாகிவிட்டதல்லவா? எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதைக் கணினி சொல்லிவிடாதா?


மறுமொழி – துறைமுகவாசி

எளிதானது ஏற்றுவது மட்டும்தான். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்த பின், அமெரிக்கா ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரைச் சவூதி அரேபியாவுக்குக் கொண்டுபோனது. தரைப்போர் தொடங்கியது 1991 பிப்ரவரி 24 அன்று. அதாவது உலகின் மிகப் பெரிய விமானப் போக்குவரத்தும் கப்பல்களும் கையில் இருந்தும், நவீனத் துறைமுகங்கள் இலவசமாகக் கிடைத்தும், எதிரியால் அந்தத் துறைமுகங்களைத் தடுத்து நிறுத்த முடியாமல் இருந்தும், ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விமானம் ஆட்களைக் கொண்டுபோனது. சரக்கில் மிகப் பெரும் பகுதி கடல் வழியாகத்தான் போயாக வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒரு கனரக டாங்கி ஏறினால் பெரிய சரக்கு விமானமே ஏறத்தாழ நிறைந்துவிடும்.

அங்கே இறங்கிய ஏறத்தாழ 40,000 கன்டெய்னர்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால், திறந்து பார்க்க வேண்டியிருந்தது. கொள்முதல் தாள் ஓரிடத்தில், கப்பல் பட்டியல் வேறிடத்தில், பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு வெயிலில் வெளுத்துப்போய். மணலில் வரிசை வரிசையாக அடுக்கிய பெட்டிகளின் கதவைத் திறந்து, முன்வரிசையில் கூடாரத் துணி தெரிந்தால், அதற்குப் பின்னால் டாங்கியின் உதிரிப் பாகம் இருக்கிறதா இல்லையா என்று யாராவது உள்ளே நுழைந்துதான் பார்க்க வேண்டும். கேட்ட பொருள் வராததால் படைப்பிரிவுகள் அதே பொருளை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டு எழுதின. அதனால் துறைமுகத்தில் குவியல் இன்னும் உயர்ந்தது. கணினி இருந்தது. அதில் பதிவு செய்தவர் அவசரத்தில் என்ன தட்டினாரோ அதைத்தான் அது சொன்னது.

கப்பலில் ஏற்றும் வரிசையும் முக்கியம். வணிகக் கப்பலில் இடம் வீணாகாமல் அடுக்குவது திறமை; போருக்குச் சரக்குக் கொண்டுபோகும் கப்பலிலோ கரையில் முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏற வேண்டும். 1915இல் துருக்கியின் கல்லிப்போலிக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல்களில் துப்பாக்கி ஒன்றிலும் தோட்டா மற்றொன்றிலுமாக ஏற்றியிருந்ததால் அலெக்சாண்டிரியாவில் எல்லாவற்றையும் இறக்கி மறுபடியும் ஏற்றினார்கள். எதிரிக்கு அத்தனை வாரங்கள் அவகாசம் கிடைத்தது. 67 ஆண்டுகளுக்குப் பின், 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்தபோது, பிரிட்டிஷ் கடற்படை மூன்றே நாளில் புறப்பட்டு உலகை வியக்க வைத்தது. அந்த மூன்று நாளில் கைக்கு எட்டியதையெல்லாம் கப்பலில் எறிந்திருந்தார்கள். நடுவழியில் அசென்ஷன் தீவில் நின்று ஹெலிகாப்டர்களாலும் படகுகளாலும் கப்பலுக்குக் கப்பல் சரக்கை மாற்றி அடுக்கிய பிறகே மேலே போக முடிந்தது. மே 25 அன்று 'அட்லான்டிக் கன்வேயர்' என்ற கன்டெய்னர் கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டதில் மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் எரிந்துபோயின. அவை சுமந்து செல்ல வேண்டிய படையினர் ஈரச் சதுப்பு நிலத்தில் முதுகில் மூட்டையோடு தீவின் குறுக்கே நடந்தார்கள்.

இன்னொன்று, கப்பலுக்கு மாலுமி வேண்டும். அமெரிக்கா 1990இல் கையிருப்பிலிருந்த பழைய சரக்குக் கப்பல்களை எழுப்பியபோது, அவற்றின் நீராவி எஞ்சின்களை இயக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற முதியவர்களாக இருந்தார்கள். பல கப்பல்கள் குறித்த நாளில் புறப்படவில்லை.


மறுமொழி – வேதிக்கூடம்

ஆளும் வந்து, ரயிலும் வந்து, கப்பலும் வந்த பிறகு, குண்டு எங்கிருந்து வரும்? ஆலையைப் பெருக்குவது பற்றிப் பேசும் அரசியல்வாதிகள் கடைசி இணைப்பு ஆலையை மட்டுமே பார்க்கிறார்கள். பீரங்கிக் குண்டின் எஃகு உறை செய்வது ஒப்பீட்டளவில் எளிது. அதைப் பீரங்கிக் குழலிலிருந்து தள்ளும் உந்துபொருளுக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். அதற்குப் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழை வேண்டும். அதை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில், ஓராண்டுக்குள் உக்ரைனுக்குப் பத்து லட்சம் குண்டுகள் தருவதாகச் சொன்னது. கெடு முடிந்தபோது ஏறக்குறைய பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. தடையாக நின்றவற்றுள் உந்துபொருளும் வெடிமருந்தும் முக்கியமானவை. பருத்தி இழையில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. டிஎன்டி என்ற வெடிமருந்தை அமெரிக்கா 1980களிலேயே தயாரிப்பதை நிறுத்திவிட்டிருந்தது; நேட்டோ நாடுகளில் பெருமளவில் தயாரிக்கும் ஆலை போலந்தில் மட்டுமே எஞ்சியிருந்தது.

இது புதிய சிக்கலும் அல்ல. பிரிட்டனின் கார்டைட் உந்துபொருளைச் செய்ய அசிட்டோன் தேவை. 1914க்கு முன் அதை மரத்தைக் காய்ச்சி எடுத்தார்கள். போர் வந்ததும் அது போதவில்லை. மக்காச்சோளத்தை நுண்ணுயிரிகளால் புளிக்க வைத்து அசிட்டோன் எடுக்கும் முறையை ஹைம் வைஸ்மன் உருவாக்கித் தந்தார். நீர்மூழ்கிகளால் சோளம் வருவதும் குறைந்தபோது, 1917இல் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு குதிரைக் கஷ்கொட்டைக் காய்களைப் பொறுக்க வைத்தார்கள், எதற்கு என்று சொல்லாமலே. காய்கள் ரயில் நிலையங்களில் மலையாகக் குவிந்து அழுகின. கிடைத்த அசிட்டோன் சொற்பம்.

போட்டி எப்போதும் எதிரியோடு மட்டும் இருப்பதில்லை. 1942இல் அமெரிக்காவில் கப்பல் கட்டுபவரும் டாங்கி செய்பவரும் ரப்பர் ஆலை கட்டுபவரும் ஒரே எஃகுக்கும் ஒரே செம்புக்கும் அடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் முன்னுரிமைச் சீட்டு இருந்தது. எல்லாமே முன்னுரிமை என்றால் எதுவுமே முன்னுரிமை இல்லை. கடைசியில் எஃகு, செம்பு, அலுமினியம் மூன்றையும் மட்டும் மேலிருந்து பங்கிட்டுக் கொடுத்ததும் மற்றவை தாமாக அடங்கின. செம்பு கிடைக்காமல், அணுகுண்டுத் திட்டத்தின் மின்காந்தச் சுருள்களுக்கு அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேல் வெள்ளியைக் கடன் வாங்கிய கதையும் அதே காலத்தது. மலாயா ஜப்பானிடம் விழுந்து ரப்பர் நின்றபோது, பெட்ரோல் தாராளமாக இருந்த பகுதிகளிலும் பெட்ரோலுக்கு ரேஷன் வைத்தார்கள். டயர் தேயாமல் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. மக்களுக்கு இதைப் புரியவைப்பது படாத பாடாக இருந்தது.


மறுமொழி – எல்லைக்கோடு

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். திரட்டிய படையை நிறுத்தி வைப்பது ஏன் கடினம் என்பதற்கு 2001-2002இன் 'ஆபரேஷன் பராக்ரம்' நல்ல பாடம். 2001 டிசம்பர் 13 அன்று இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட்டதை அடுத்துப் படைகள் மேற்கு எல்லைக்கு நகர்ந்தன. நாட்டின் உட்பகுதிகளில் நிலைகொண்டிருந்த தாக்குதல் கோர்கள் எல்லைக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. அதற்குள் பாகிஸ்தானும் படைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது, உலக நாடுகளின் அழுத்தமும் வந்து சேர்ந்தது. பிறகு பத்து மாதங்கள் எல்லையில் இருப்பு. நிற்கும் படை செலவில்லாமல் நிற்பதில்லை. பதித்த கண்ணிவெடிகள் பதித்தவர்களையே காவு வாங்கின. வாகனங்கள் புழுதியில் தேய்ந்தன. விடுப்பு இல்லை, பயிற்சி நின்றது. எல்லையோர விவசாயிகள் தங்கள் வயல்களுக்குள் கால் வைக்க முடியவில்லை. 2002 அக்டோபரில் திரும்பப் பெற்றார்கள். சிறிய, எல்லைக்கு அருகிலேயே இருக்கும், சில நாட்களில் நகரக்கூடிய படைக்குழுக்கள் வேண்டும் என்ற 'கோல்ட் ஸ்டார்ட்' சிந்தனை அந்த மூன்று வாரத் தாமதத்தில்தான் பிறந்தது.

1971 ஏப்ரலில் போருக்குப் போக முடியுமா என்று கேட்கப்பட்டபோது தாம் அவகாசம் கேட்டதாக அப்போதைய இந்தியத் தரைப்படைத் தலைவர் மானெக்‌ஷா பின்னாளில் கூறிய காரணங்களையும் கவனியுங்கள். கிழக்கில் வரப்போகும் பருவமழை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பஞ்சாபில் கோதுமை அறுவடைக் காலம் என்பதையும் அவர் சொன்னார்: படையை நகர்த்த ரயில் பெட்டிகளையும் சாலைகளையும் எடுத்துக்கொண்டால் தானியம் நகராது, பஞ்சம் வந்தால் பழி வேளாண்மை அமைச்சரின் தலையில் விழும். அந்தக் கூட்டத்தை அவர் சுவைபடக் கூறியதை அப்படியே ஏற்காத வரலாற்றாசிரியர்களும் உண்டு. என்றாலும் ரயில் பெட்டி பற்றிய கணக்கு சரியான கணக்கு.

இஸ்ரேல் 2023 அக்டோபரில் சில நாட்களிலேயே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ரிசர்வ் வீரர்களை அழைத்துக்கொண்டது. நாடு சிறியது, வீட்டிலிருந்து கிடங்குக்கு வண்டியில் சில மணி நேரம்தான். ஆனால் வேலைக்குப் போகும் வயதினரில் இவ்வளவு பேரை எடுத்தால் பொருளாதாரம் எத்தனை மாதம் தாங்கும் என்ற கேள்வி முதல் வாரத்திலிருந்தே கூடவே நடந்தது. சில மாதங்களில் பலரை வீட்டுக்கு அனுப்பி, மறுபடியும் அழைத்து, மறுபடியும் அனுப்ப வேண்டியிருந்தது.


மறுமொழி – பழைய தண்டவாளம்

எல்லைக்கோடு அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நிறுத்தி வைப்பது கடினம். திசை திருப்புவது இன்னும் கடினம். 1914 ஆகஸ்ட் 1 மாலையில், பிரான்ஸ் ஒதுங்கிக்கொள்ளக்கூடும் என்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு செய்தி லண்டனிலிருந்து வந்ததும், முழுப் படையையும் கிழக்கே ரஷ்யாவின் பக்கம் திருப்பும்படி ஜெர்மானியப் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம் கேட்டார். முடியவே முடியாது, பல லட்சம் பேர் உணவில்லாத கூட்டமாகிவிடுவார்கள் என்று தலைமைத் தளபதி மோல்ட்கே மறுத்தார். கிழக்குத் திசைக்கான தனித்திட்டத்தைப் புதுப்பிப்பதை அவர்கள் 1913லேயே கைவிட்டிருந்தார்கள் என்பதால் அவர் கையில் அதற்கான அட்டவணை இருக்கவில்லை. ரயில் பிரிவில் பணியாற்றிய ஜெனரல் ஸ்டாப்ஸ் இந்த மறுப்பைத் தம் துறைக்கு நேர்ந்த இழுக்காகவே எடுத்துக்கொண்டார். ஏழு ராணுவங்களில் நான்கை ஆகஸ்ட் 15க்குள் கிழக்கே கொண்டுபோயிருக்க முடியும் என்று போருக்குப் பின் ரயில் அட்டவணையோடு எழுதிக் காட்டினார். என் கருத்தில் இருவரும் சரி. ரயில்வேயால் முடிந்திருக்கும். ஆனால் போய் இறங்கும் இடத்தில் தீவனமும் ரொட்டியும் அடுப்பும் காத்திருக்குமா என்பதற்கு ஸ்டாப்ஸின் அட்டவணையில் பதில் இல்லை.

இன்றைய நிலையை வரலாற்று மாணவன் ஆராய விரும்பினால், டாங்கிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அவற்றைச் சுமக்கும் தட்டை ரயில் பெட்டிகள் எத்தனை, 60 டன்னுக்கு மேல் தாங்கும் பாலங்கள் எவை, எல்லை கடக்க அனுமதி பெற எத்தனை நாள் ஆகும் என்று பாருங்கள். பால்டிக் நாடுகளில் இன்றும் பிரதானப் பாதை 1520 மில்லிமீட்டர் அகலத்தில்தான் இருக்கிறது. போலந்திலிருந்து வரும் ரயில், பாதையின் அகலம் மாறும் இடத்தில் சரக்கை மாற்றியாக வேண்டும். 2018 ஜனவரியில் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் அமெரிக்கப் படையின் ஆறு நகரும் பீரங்கிகளைச் சுமந்து வந்த போலந்து லாரிகளை நெடுஞ்சாலைக் காவலர்கள் நிறுத்தினார்கள். சுமை அனுமதித்த அளவைவிட அதிகம், தாள்கள் சரியில்லை, ஓட்டுநர்கள் ஓய்வின்றி ஓட்டியிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. நட்பு நாடு, அமைதிக் காலம், ஆறே பீரங்கிகள்.